பரணில் கிடக்கும் முதல் கம்ப்யூட்டர்: எடைக்குப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த தமிழக பட்ஜெட், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று அறிவித்திருந்தது. ஒன்று பழையதைக் கழித்துக்கட்டச் சொல்கிறது, இன்னொன்று புதியதை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. இடம் வேண்டுமே, பரணை ஒழிக்கிறார்கள். அப்போது கீழே இறங்குகிறது அந்த வீட்டில் முதன்முதலாக வாங்கிய கம்ப்யூட்டர்: மஞ்சள் பூத்த கேபினெட், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மானிட்டர், மூடி தொலைந்த ஃப்ளாப்பி டப்பா.

"இது இன்னும் ஓடுமா? உள்ளே இருக்கிறதை எடுக்க முடியுமா? அப்படியே எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஓடாத கம்ப்யூட்டரில் இருந்தும் எல்லாவற்றையும் எடுக்கலாம். எடுத்த ஃபைலைத் திறந்தும் ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் போகலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று நம்பிக் கொடுத்த டிஸ்க்கில் அத்தனையும் அப்படியே இருக்கலாம்.

செய்தியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஆதரவு நின்றது என்றால் விண்டோஸ் 10 ஓடாது என்று பொருள் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி தானாக வராது, அவ்வளவுதான். விருப்பப்பட்டுப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அதுவும் உண்டு. எனவே விண்டோஸ் 10 கம்ப்யூட்டரை அவசரப்பட்டுத் தூக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய தலைமுறைதான்.

முதல் கம்ப்யூட்டர் எந்தக் காலத்தது?

எதைச் செய்வது என்பது கம்ப்யூட்டரின் வயதைப் பொறுத்தது. நம் வேலூர் வட்டாரத்தில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. 1990-களின் கடைசி முதல் 2002 வரை: சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, இங்கே கொண்டுவந்து பூட்டிய அசெம்பிள்டு செட். விண்டோஸ் 98, ஃப்ளாப்பி, குழாய் மானிட்டர். டிடிபி சென்டர் (கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் கடை), தோல் கம்பெனி அலுவலகம், கல்லூரிப் பையன் இருக்கும் வீடு ஆகிய இடங்களில்தான் முதலில் நுழைந்தது.

2. 2002 முதல் 2010 வரை: விண்டோஸ் எக்ஸ்பி காலம். சிடி ரைட்டர் வந்துவிட்டது, ஃப்ளாப்பி பெயருக்கு இருந்தது.

3. 2011-க்குப் பிறகு: 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். ஆற்காடு, அணைக்கட்டு, பேரணாம்பட்டு கிராமங்களில் பல குடும்பங்களுக்கு முதல் கம்ப்யூட்டரே இதுதான். பிளஸ் டூ படித்த பெண் கொண்டுவந்த அந்த ஒரு பெட்டியில் மொத்தக் குடும்பத்தின் போட்டோவும் ஏறியிருக்கும்.

மூன்றாவது வகைக்காரர்களுக்குச் சிக்கல் மிகக் குறைவு. அதன் ஹார்டு டிஸ்க் சாட்டா என்ற புதிய இணைப்பு வகை. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் யுஎஸ்பி கேஸில் போட்டு, பென் டிரைவ் மாதிரி சொருகிவிடலாம். ஒன்றே ஒன்று: பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி உள்ளே வாயு சேர்ந்துதான் உப்புகிறது, தீப்பிடிக்கக்கூடியது. இனி வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வகைகளுக்கு.

ஸ்விட்ச் போடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் கீழே இறங்கியதும் எல்லாரும் செய்வது, "உயிர் வருதா பார்ப்போம்" என்று ப்ளக்கைச் சொருகுவது. செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான். உள்ளே எது எந்த நிலையில் இருக்கும் என்று பாருங்கள்.

1. பவர் சப்ளை. எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்பு ஸ்விட்ச் பல மாடல்களில் உண்டு. தூசு தட்டும்போது அது 115 பக்கம் நகர்ந்திருந்தால், நம் 230 வோல்ட் மின்சாரம் பட்டவுடன் வெடிச்சத்தத்தோடு முடிந்துவிடும். ஸ்விட்ச் சரியாக இருந்தாலும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் 20 வருடத்தில் காய்ந்திருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும்.

2. மதர்போர்டு. 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் உலகம் முழுக்கத் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் புகுந்துவிட்டன. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உருளை வடிவச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பி, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தால் அந்த போர்டின் கதை முடிந்தது.

3. சிமாஸ் பேட்டரி. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் தேதியை நினைவில் வைப்பது இது. ஒரு ரூபாய் காசு அளவில் வட்டமாக இருக்கும், 3 வோல்ட். தீர்ந்துபோயிருக்கும் என்பது உறுதி. அதனால் தேதி பின்னோக்கிப் போகும், ஹார்டு டிஸ்க்கின் விவரமும் மறந்துபோகலாம். ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது.

4. ஹார்டு டிஸ்க். பரண் வெயிலில் கிடந்ததால் டிஸ்க் போயிருக்கும் என்பது பரவலான பயம். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், ஓடாமல் சும்மா இருக்கும் டிஸ்க் அந்தச் சூட்டைத் தாங்கும் வகையில்தான் செய்யப்படுகிறது. தகடுகளில் பதிந்த காந்தப் பதிவு அதில் அழியாது. கெட்டுப்போவது இயங்கும் பகுதிகள்: தகட்டைச் சுழற்றும் மோட்டாரின் மசகு, ஈரத்தில் கறுத்த இணைப்பு முனைகள், தகட்டோடு ஒட்டிக்கொண்ட ஹெட் (பதிவைப் படிக்கும் முனை). மழை ஒழுகிய மூலையில் கிடந்ததா என்று கேளுங்கள். வெயிலைவிட அதுதான் பெரிய எதிரி.

பெட்டிக்குள் மதிப்பு மிச்சம் இருக்கும் ஒரே பாகம் நான்காவதுதான். அதில் இருப்பதை எடுக்க மற்ற மூன்றையும் உயிர்ப்பிக்கும் அவசியமே இல்லை. நான்கு திருகைக் கழற்றி டிஸ்க்கைத் தனியே எடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கைப் புதிய கம்ப்யூட்டரில் படிப்பது

2003-க்கு முந்தைய வீட்டு டிஸ்க் ஏறக்குறைய எல்லாமே ஐடிஇ வகை. 40 ஊசிகள் இரண்டு வரிசையில் இருக்கும், பட்டையான ரிப்பன் வயர் போகும். பக்கத்தில் கரண்டுக்கு நான்கு ஊசிச் சொருகி. இந்த இரண்டையும் யுஎஸ்பி-யாக மாற்றும் அடாப்டர் ஆன்லைனிலும் சென்னைக் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கும்போது தனி பவர் அடாப்டரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி தரும் 5 வோல்ட் மட்டும் அந்தக் காலத்து டிஸ்க்குக்குப் போதாது, 12 வோல்ட்டும் வேண்டும்.

சொருகியும் தெரியவில்லை என்றால் டிஸ்க்கின் முதுகில் இருக்கும் ஜம்பரைப் பாருங்கள். இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டித் தொப்பி அது. பெரும்பாலான அடாப்டர்களுக்கு மாஸ்டர் நிலையில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் வைத்தால் மாஸ்டர் என்று டிஸ்க்கின் லேபிளிலேயே படம் போட்டிருக்கும்.

இன்றைய விண்டோஸும் லினக்ஸும் ஃபைல்களை ஃபேட்32 என்ற முறையில் அடுக்கிய அந்தக் காலத்து டிஸ்க்கைச் சிரமமில்லாமல் படிக்கும். விண்டோஸ் 98 என்றால் சி டிரைவிலேயே மை டாக்குமென்ட்ஸ் இருக்கும். எக்ஸ்பி என்றால் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற ஃபோல்டருக்குள் பயனர் பெயரில் இருக்கும். "அனுமதி இல்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஃபோல்டரின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸிலேயே உண்டு.

டிஸ்க் டக், டக் என்று சீரான இடைவெளியில் அடித்துக்கொண்டால் உடனே வயரைப் பிடுங்குங்கள். ஹெட் தடத்தைத் தேடித் தோற்றுப்போகும் சத்தம் அது. ஒவ்வொரு முயற்சியும் தகட்டைக் கீறக்கூடும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்த நிமிடமே வியர்த்து, தகட்டில் நீர் கோத்துவிடும், வேண்டாம்.

ஃப்ளாப்பிக்கு யுஎஸ்பி டிரைவ் கிடைக்கிறது. ஒன்றில் 1.44 எம்பிதான். பூஞ்சை பிடித்ததை டிரைவில் போட்டால் ஹெட் அழுக்காகி, அடுத்தடுத்த நல்ல ஃப்ளாப்பியையும் கெடுக்கும். வீட்டில் ரைட் பண்ணிய சிடி-யில் பதிவு நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் சூடும் அதை வெளுக்கவைக்கும். ஆகவே பரணில் கிடந்த பொருள்களில் முதலில் காப்பி எடுக்க வேண்டியது சிடி-யைத்தான், ஹார்டு டிஸ்க்கை அல்ல.

ஃபைல் வந்துவிட்டது, தமிழ் எங்கே?

போட்டோ திறக்கும். பாட்டு பாடும். இங்கிலீஷ் லெட்டர் அப்படியே வரும். தமிழில் அடித்த ஃபைலைத் திறந்தால் மட்டும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கிறுக்கல். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் ஏராளம். ஃபைல் கெடவில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஓர் எழுத்தைச் சேமித்தது ஓர் எண்ணாக. மொத்தம் 256 எண்கள். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு என்று அமெரிக்காவில் முடிவாகியிருந்தது. தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. எனவே தமிழ் மென்பொருள் செய்தவர்கள் குறுக்குவழியில் இறங்கினார்கள். எண்ணைத் தொடாமல், அந்த எண்ணுக்குத் திரையில் தெரியும் உருவத்தை மட்டும் மாற்றினார்கள். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால் டிஸ்க்கில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே-யின் இடத்தில் "த" வரைந்திருக்கும், கே-யில் "ம", பி-யில் கொக்கி, ஓ-வில் "ழ", அரைப்புள்ளியில் மெய்யெழுத்தின் புள்ளி. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் தன் உண்மை முகத்தைக் காட்டுகிறது.

இதில் ஆளுக்கொரு முறை. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் "த" இருந்த எண்ணில் இன்னொரு நிறுவனம் வேறு எழுத்தை வைத்தது. வேலூர் லாங்கு பஜாரில் அடித்த கல்யாணப் பத்திரிகையை ஆம்பூர்க் கடையில் திருத்த வேண்டுமென்றால் ஃப்ளாப்பியில் ஃபைலோடு எழுத்துருவையும் போட்டு எடுத்துப் போக வேண்டியிருந்தது. இந்தக் குழப்பத்தை ஒழிக்க 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழுக்கு மட்டுமான டாம், ஆங்கிலமும் கலந்த டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளை அதையொட்டி அரசு ஏற்றது. இணையத்தில் எழுதியவர்கள் டிஸ்கி என்ற இன்னொன்றைப் பயன்படுத்தினார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் 1991-லேயே தமிழ் இருந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்கு வசதி கொடுத்தது விண்டோஸ் 2000-த்தில், லதா எழுத்துருவோடு. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் வாங்கிய முதல் கம்ப்யூட்டர் என்றால் அதன் தமிழ் பெரும்பாலும் ஏதோ ஒரு தனிக் குறியீட்டில்தான் இருக்கும்.

இதன் விளைவுகள் மூன்று.

1. தேடல் வேலை செய்யாது. "வேலூர்" என்று இன்றைய விசைப்பலகையில் அடித்துத் தேடினால், அந்தச் சொல் நூறு முறை வரும் பழைய ஃபைல்கூடச் சிக்காது. எண் வேறு என்பது மட்டும் காரணமல்ல, வரிசையே வேறு. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிகிறபடி ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் முதலில் பதிவாகும், பிறகு "வ". யூனிகோடில் "வ" முதலில், கொம்பு பிறகு. யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தபோது மிஞ்சியது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு அது வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. பத்திர நகல், ராணுவப் பென்ஷன் மனு போன்றவற்றைத் தேடும்போது எல்லாப் பெயரிலும் தேடுங்கள்.

2. குறியீட்டை மாற்றும் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பாமினி, டாப், டாம், டிஸ்கி எல்லாவற்றையும் யூனிகோடாக்கித் தருகின்றன. ஆனால் பாமினி ஆங்கில எண்களிலேயே குடியிருப்பதால், அதே பக்கத்தில் இருக்கும் நிஜமான ஆங்கிலப் பெயரும் முகவரியும்கூட அர்த்தமில்லாத தமிழாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் வெட்டி எடுத்து மாற்றுவதுதான் பாதுகாப்பு. பெயர்களையும் சர்வே எண்களையும் அச்சுப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

3. எழுத்துரு தொலைந்தால் வேலை பல மடங்கு. பேர் தெரிந்த எழுத்துருவுக்கு மாற்றும் மென்பொருள் இருக்கிறது. ஒரே ஒரு கடை மட்டும் வைத்திருந்த எழுத்துருவுக்கு இல்லை. அப்போது எந்த எண் எந்த எழுத்து என்று உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும்.

அதனால் டிஸ்க்கில் இருந்து முதலில் எடுக்க வேண்டியது போட்டோ ஃபோல்டரோ மை டாக்குமென்ட்ஸோ அல்ல. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை முழுசாக எடுங்கள். டிடிபி செய்த கம்ப்யூட்டர் என்றால் பிஎஸ்ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரையும் தேடுங்கள். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்கள் அதில் இருக்கும். அடோபி தன் மென்பொருள்களில் 2023 ஜனவரியோடு அவ்வகைக்கு ஆதரவை நிறுத்திவிட்டதால் இனி அவற்றைப் பயன்படுத்தப் பழைய மென்பொருளும் தேவைப்படும். டிடிபி-க்குப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளின் ஃபைலை, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ஓரளவுக்குத் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், வரிகள் கிடைத்துவிடும்.

எழுத்துருவை நிறுவி, ஃபைலைத் திறந்து, தமிழ் சரியாகத் தெரிந்ததும் ஒரு பிடிஎஃப் எடுத்துவையுங்கள். தோற்றத்துக்கு அது, தேடலுக்கு யூனிகோடு பிரதி. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடாதீர்கள். மூல ஃபைலையும் அழிக்க வேண்டாம்.

"ஃபார்மட் அடிச்சிட்டேன்" என்றால் அழிந்துவிட்டதா?

இல்லை. டெலிட் செய்வது, பத்திரப் பதிவு அலுவலகத்து இன்டெக்ஸ் நோட்டில் ஒரு வரியை அடிப்பது மாதிரி. நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. குயிக் ஃபார்மட் அந்த நோட்டையே புதிதாக மாற்றுகிறது, அப்போதும் நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முழு ஃபார்மட்கூட எக்ஸ்பி வரை தகட்டில் பழுது இருக்கிறதா என்று படித்துப் பார்த்ததோடு சரி. டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும் வழக்கம் விஸ்டாவில்தான் வந்தது. இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளே போதும், எக்ஸ்பி காலத்தில் ஃபார்மட் அடித்த டிஸ்க்கில் இருந்தும் நிறையத் திரும்ப வரக்கூடும்.

ஆகவே டிஸ்க் ஓடினால் புதிய விண்டோஸில் இணைத்து முழு ஃபார்மட் ஒருமுறை. ஏழு முறை, முப்பத்தைந்து முறை மேலெழுத வேண்டும் என்று சொல்லும் பழைய கணக்கெல்லாம் வீட்டு டிஸ்க்குக்குத் தேவையற்றது. ஓடவில்லை என்றால் தகடு வரை இறங்கும்படி டிரில்லிங் மெஷினில் இரண்டு மூன்று துளை. அதைச் செய்யும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், சில டிஸ்க்குகளின் தகடு கண்ணாடியால் ஆனது, தெறிக்கும்.

பெட்டியை யாரிடம் கொடுப்பது?

காயலான் கடையில் எடைக்கு எடுப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது செம்பும் இரும்பும். குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புச் சுருளை எடுக்க அதை உடைத்துவிட்டு, கண்ணாடியை ஏதோ ஓர் ஓடைக்கரையில் கொட்டுவது நடக்கிறது. பாலாறு ஏற்கெனவே தோல் பதனிடும் கழிவைச் சுமந்து கெட்ட ஆறு. அந்தக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில், விற்ற பொருளின் கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று வைத்திருப்பதும் அந்த வழியில் வந்ததுதான்.

பிராண்டு போட்ட மடிக்கணினிக்கு இது நேராகப் பொருந்தும். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் திரும்ப ஒப்படைக்கும் இடம் குறிப்பிட்டிருக்கும். அசெம்பிள்டு செட்டுக்குத்தான் சிக்கல். கேபினெட் ஒருவருடையது, போர்டு இன்னொருவருடையது, பூட்டிக் கொடுத்த கடை எப்போதோ மூடியாகிவிட்டது. முழுப் பெட்டிக்குத் தயாரிப்பாளர் என்று யாருமே இல்லை. இதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம்தான் வழி. ஒரு வீட்டுக்காக வேலூர் வரை வண்டி அனுப்ப அவர்கள் யோசிப்பார்கள். தெருவிலோ குடியிருப்பிலோ நாலைந்து வீடு சேர்ந்து கூப்பிட்டால் வருவார்கள். அதுவரை மானிட்டரை உடைக்காமல், திரை சுவரைப் பார்த்தபடி ஓரமாக வையுங்கள். ஹார்டு டிஸ்க் மட்டும் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்க வேண்டும்.